8,300 ரூபாயில் ஒரு மூடிய பெட்டி: வீட்டு ஸ்டீரியோவுக்கான சப்வூஃபர் அனுபவமும் மதிப்பீடும்

சென்ற ஆண்டு வரை என் வீட்டுக் கூடத்தில் இருந்தவை ஒரு பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரும், ஐந்தங்குல வூஃபர் (தாழ்ந்த ஒலியை எழுப்பும் ஒலிப்பான்) கொண்ட ஒரு ஜோடிச் சிறிய ஸ்பீக்கர்களும் மட்டுமே. குரலும் வயலினும் அவற்றில் மிகத் தெளிவாக ஒலித்தன. ஆனால் மிருதங்கத்தின் தொப்பியில், அதாவது இடப்பக்கத் தோலில், விழும் கும்கி அட்டையைத் தட்டியது போல மெலிந்து போகும். பேஸ் கிட்டார் எந்தச் சுரத்தில் நடக்கிறது என்பதை ஊகித்துத்தான் அறிய வேண்டியிருக்கும். காரணம் எளியது. ஒரு கட்டைச் சுருதியில் மீட்டப்படும் ஆண் குரலுக்கான தம்புராவின் மந்தரத் தந்தி சுமார் 65 ஹெர்ட்ஸில் அதிர்கிறது; நான்கு தந்தி பேஸ் கிட்டாரின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. என் சிறிய ஸ்பீக்கர்களோ 65 ஹெர்ட்ஸுக்கு அருகிலேயே சரியத் தொடங்கிவிடுகின்றன. அந்தக் கடைசி ஒரு ஸ்தாயியை, தாழ்ந்த ஒலிகளை மட்டும் எழுப்பும் சப்வூஃபர் என்ற தனி ஸ்பீக்கரால் குறைந்த செலவில் எப்படிப் பெறலாம் என்று ஓராண்டு முயன்று கண்டவற்றை இங்கே பதிவு செய்கிறேன்.

முதலில் கடையிலிருந்து ஓர் எட்டங்குல ஆயத்த சப்வூஃபரை வாங்கினேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம்; அந்த விலையில் கிடைக்கும் பல பெட்டிகளின் இயல்பு அதுவேதான். முதல் நாள் வீடே அதிர்ந்தது, மகிழ்ச்சியாகவும் இருந்தது. மூன்றாம் நாள்தான் ஒன்று உறைத்தது: பாடல் மாறினாலும் கீழே கேட்கும் ஒலி மாறவில்லை. மிருதங்கமும் பேஸ் கிட்டாரும் டிரம்ஸும் ஒரே ‘தும்’ என்ற ஒற்றைச் சுரமாகவே வந்துகொண்டிருந்தன. சிறிய பெட்டியில் குழாய்த் துளை வைத்து, அந்தத் துளை ஒத்ததிரும் இடத்தைச் சுற்றி ஒலியை வீங்கச் செய்து, அந்த வீக்கத்தையே பேஸ் (தாழ்ந்த ஒலி) என்று காட்டும் வடிவமைப்பு அது. துளை வைத்த பெட்டி என்றாலே கெட்டது என்று நான் சொல்லவில்லை. போதிய கொள்ளளவும் அகலமான குழாயும் கொண்டு நன்றாக வடிவமைக்கப்பட்ட துளைப் பெட்டி, அதே வூஃபரை வைத்து மூடிய பெட்டி தருவதைவிட ஆழமாகவும் உரக்கவும் ஒலிக்கும். ஆனால் ஒத்ததிர்வுக்குக் கீழே அதன் ஒலி ஒரு ஸ்தாயிக்கு 24 டெசிபெல் வேகத்தில் விழுகிறது, வூஃபரின் கூம்பான கோனைப் பிடித்துவைக்கப் பெட்டிக்குள் காற்றழுத்தமும் இருப்பதில்லை. செலவைக் குறைக்க நினைக்கும் இடத்தில் முதலில் வெட்டப்படுவது பெட்டியின் கொள்ளளவு என்பதால், மலிவு விலையில் இந்த வடிவம் பெரும்பாலும் அரைகுறையாகவே வந்து சேர்கிறது. மூடிய பெட்டி 12 டெசிபெல் வேகத்தில்தான் மெல்ல இறங்கும்; கணக்கில் சிறு பிழை நேர்ந்தாலும் அது பொறுத்துக்கொள்ளும். இசை கேட்பதற்கு, அதிலும் முதன்முறையாகக் கட்டுபவருக்கு, மூடிய பெட்டியே உகந்தது என்பது என் உறுதியான கருத்து.

வாட் எண்களைப் பற்றி ஒரு சொல். நொடிப்பொழுது உச்சத்தை மிகைப்படுத்திக் காட்டும் வாட் கணக்கை, ஆயிரக்கணக்கில் பி.எம்.பி.ஓ என்று அட்டைப்பெட்டிகளில் அச்சிட்டு விற்ற காலத்தைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். 50 வாட்டை 100 ஆக்கினால் கூடுவது வெறும் 3 டெசிபெல். காதுக்கு அது சிறிய மாற்றம்தான். தாழ்ந்த ஒலிக்கு உண்மையில் வேண்டியது நகர்த்தப்படும் காற்றின் அளவு. அதே சத்தத்தை ஒரு ஸ்தாயி கீழே எழுப்ப நான்கு மடங்கு காற்றைத் தள்ள வேண்டும். எட்டங்குலக் கோனின் பரப்பு ஏறக்குறைய 215 சதுர சென்டிமீட்டர், பத்தங்குலத்துக்கு 330, பன்னிரண்டங்குலத்துக்கு 480. ஆகவே கையிலிருக்கும் பணத்தைக் கோனின் பரப்பிலும், அது முன்னும் பின்னும் பிசகாமல் நகரும் தூரத்திலும் போட வேண்டுமே தவிர, ஆம்ப்ளிஃபயரின் எண்ணில் அல்ல.

ஆயத்தப் பெட்டியை நண்பர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டு ரிச்சி தெருவுக்குப் போனேன். சென்னையில் மின்னணுப் பொருளோடு சிறிதளவு உறவுள்ளவர்களுக்கும் அந்தத் தெருவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அண்ணா சாலையிலிருந்து திரும்பினால் ரிச்சி தெருவும் நரசிங்கபுரம் தெருவும் மீரான் சாகிப் தெருவும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அரசினர் தோட்டம் மெட்ரோ நிலையத்தில் இறங்கி நடப்பதே நல்லது. வண்டியை நிறுத்த இடம் தேடுவதில் பாதி நாள் போய்விடும். இந்தச் சந்தையின் பெரிய பலம், ஒரு சப்வூஃபருக்கான பொருள்களில் மரத்தைத் தவிர மற்ற அனைத்தும் சில நூறு அடிகளுக்குள் கிடைத்துவிடுவதுதான். டிரான்ஸ்பார்மர், சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க், கெப்பாசிட்டர், தாழ்ந்த ஒலியை மட்டும் பிரித்தனுப்பும் ‘4558 ஐசி’ வைத்த சப்வூஃபர் ஃபில்டர் போர்டு, ‘5200-1943’ டிரான்சிஸ்டர் ஆம்ப் போர்டு என்று பெயரைச் சொன்னாலே எடுத்து வைக்கிறார்கள். இரண்டு ரூபாய் ரெசிஸ்டரைக் கேட்டாலும் முகம் சுளிக்காமல் கொடுக்கும் கடைகள் அங்கே இன்னும் இருக்கின்றன; அது எனக்குப் பெரிய மதிப்பாகத் தோன்றுகிறது. குறை என்னவென்றால், பெயரில்லாத வூஃபர்களுக்கு எந்த அளவுத் தாளும் கிடைப்பதில்லை. காந்தத்தின் எடையைக் காட்டி, “சார், இது நானூறு வாட்ஸ், வீடே ஆடும்” என்பதுதான் கிடைக்கும் ஒரே விவரம்.

அந்த அளவுத் தாள் இல்லாமல் வூஃபரை வாங்க வேண்டாம் என்று ஏன் வலியுறுத்துகிறேன் என்பதை விளக்க வேண்டும். 1954இல் அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் வடிவமைத்த ஏஆர்-1 ஸ்பீக்கர், காற்றுப் புகாத சிறு பெட்டியில் அடைபட்ட காற்றையே கோனுக்கு வில்லாகப் பயன்படுத்தி, அலமாரி போன்ற பெரிய ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு நிகரான பேஸைத் தந்தது. பின்னர் ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961இலும், ரிச்சர்ட் ஸ்மால் 1970களின் தொடக்கத்திலும் வெளியிட்ட ஆய்வுகள், ஒரு வூஃபரின் சில அளவுகளைத் தெரிந்துகொண்டால் எந்தப் பெட்டியில் அது எப்படி ஒலிக்கும் என்பதை மரத்தை அறுப்பதற்கு முன்பே கணக்கிட்டுவிடலாம் என்று காட்டின. மூடிய பெட்டிக்கு மூன்று எண்கள் போதும்: வூஃபரின் இயல்பான ஒத்ததிர்வெண்ணான எஃப்எஸ், அதன் மொத்தத் தணிப்பைக் குறிக்கும் க்யூடிஎஸ், அதன் தொங்கலின் இளக்கத்துக்கு நிகரான காற்றின் அளவான விஏஎஸ்.

நான் தேர்ந்தெடுத்தது கார்களுக்காக விற்கப்படும் ஒரு பத்தங்குல, 4 ஓம் சப்வூஃபர். அட்டைப் பெட்டிக்குள் அளவுத் தாள் இருந்தது: எஃப்எஸ் 32 ஹெர்ட்ஸ், க்யூடிஎஸ் 0.48, விஏஎஸ் 40 லிட்டர். பெட்டியில் அடைத்த பின் மொத்தத் தணிப்பு எண் 0.707 ஆக இருந்தால் ஒலி வீங்காமலும் மெலியாமலும் சமமாக இறங்கும். 0.707ஐ 0.48ஆல் வகுத்து, வருவதை இருமடியாக்கினால் 2.17, அதில் ஒன்றைக் கழித்தால் 1.17, விஏஎஸ்ஸை அதனால் வகுத்தால் ஏறக்குறைய 34 லிட்டர். அதுவே பெட்டியின் கொள்ளளவு. பெட்டிக்குள் சென்றபின் ஒத்ததிர்வெண் 32இலிருந்து 47 ஹெர்ட்ஸுக்கு உயரும். அந்த இடத்தில் ஒலி 3 டெசிபெல் குறைந்திருக்கும். தாளில் பார்க்கும்போது 47 ஹெர்ட்ஸ் ஏமாற்றமாகத் தோன்றலாம். ஆனால் மூடிய அறைக்குள் மிகத் தாழ்ந்த ஒலிகளுக்கு அறையே அழுத்தத்தைக் கூட்டித் தருகிறது. பேஸ் பற்றிய அமெரிக்கக் குறிப்புகளில் பல, மரச்சட்டமும் ஜிப்சம் பலகையும் கொண்ட சுவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அந்தச் சுவர்கள் தாழ்ந்த ஒலியை ஓரளவு வெளியே கசியவிடும். நம் செங்கல் சுவரும் காங்கிரீட் கூரையும் அவ்வளவு எளிதில் விடுவதில்லை. அதனால் நமக்கு ஆழமும் கூடுதலாகக் கிடைக்கிறது, முழக்கமும் கூடுதலாகச் சேர்கிறது. இரண்டாவதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

பெட்டியை ஆசாரி ஒருவர் ஒரே நாளில் செய்துகொடுத்தார். வூஃபரும் உள்ளே குறுக்கே வைக்கும் தாங்குச் சட்டமும் அடைக்கும் இடத்தையும் சேர்த்து 37 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், உள்ளளவு எல்லாப் பக்கமும் 33.3 சென்டிமீட்டர் கொண்ட கனசதுரம் போதும். ஆறு பக்கமும் சமமாக இருந்தால் உள்ளே ஒலி எதிரொலித்துக் கெடும் என்று சிலர் எச்சரிப்பார்கள். இந்த அளவுப் பெட்டியில் அந்த எதிரொலி 500 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் தொடங்கும், சப்வூஃபர் அங்கே வேலை செய்வதே இல்லை. மரத்துக்கு 18 மில்லிமீட்டர் பிளைவுட் எடுத்தேன். மரநாரை அழுத்திச் செய்த பலகையான எம்டிஎஃப் கனமானது, அறுப்பதற்கும் எளிது என்றாலும், சென்னையின் ஈரத்தில் விளிம்பு உப்பிவிடும் என்ற அச்சம் எனக்கு உண்டு. ஐஎஸ் 303 என்ற இந்தியத் தர முத்திரையோடு வரும், கொதிநீரைத் தாங்கும் பிடபிள்யூஆர் தரம் இதற்குப் போதும், ஐஎஸ் 710 மரைன் பிளைவுட் அளவுக்குப் போக வேண்டியதில்லை. ஆசாரி எல்லாவற்றையும் முடித்துவிட்டு, “காத்து போறதுக்குப் பின்னாடி ஒரு ஓட்டை போட்டுரலாமா சார்?” என்று கேட்டார். அவர் பார்த்த ஸ்பீக்கர் பெட்டிகளெல்லாம் ஓட்டையோடு இருந்தவை. “வேண்டாம்ணே, ஊசி நுழையிற அளவுக்குக்கூட இடம் இருக்கக் கூடாது” என்றேன். மூலைகளில் உள்ளிருந்து சிலிகான் பூசி, தலையணையில் அடைக்கும் பாலியெஸ்டர் பஞ்சைத் தளர்வாக நிரப்பி மூடினோம். கோனை உள்ளங்கையால் மெல்ல அழுத்தி விட்டால் அது துள்ளாமல் நிதானமாக மீண்டு வந்தது. பெட்டி கசியவில்லை என்பதற்கு அதுவே சோதனை.

ஆம்ப்ளிஃபயரில்தான் தவறு நேர்ந்தது. டிடிஏ7294 என்ற ஐசி பொருத்திய மோனோ போர்டு ஒன்றை வாங்கினேன். ஒழுங்காகப் பயன்படுத்தினால் நம்பத்தக்க, இரைச்சல் இல்லாத ஐசி அது. ஆனால் டிரான்ஸ்பார்மர் வாங்கிய கடையில், நடுமுனைக்கு இருபுறமும் 18 வோல்ட் தரும் 18-0-18 கேட்ட என்னிடம், 24-0-24 போட்டால்தான் ‘பஞ்ச்’ வரும் என்று சொல்லி அதையே கட்டிக் கொடுத்தார்கள்; நானும் மறுக்கவில்லை. 24 வோல்ட் மாறுமின்னழுத்தம் நேராக்கப்பட்டபின் இருபுறமும் 34 வோல்ட் ஆகிறது. 8 ஓம் வூஃபருக்கு அது பொருந்தும். 4 ஓம் வூஃபருக்கு அந்த ஐசியைத் தயாரித்தவர்களே 27 வோல்ட்டைத்தான் வைத்துக் கணக்குக் காட்டியிருக்கிறார்கள். விளைவாக அரை மணி நேரத்தில் ஹீட்சிங்க் தொட முடியாத அளவுக்குச் சூடேறி, ஐசி தன்னைக் காத்துக்கொள்ள ஒலியை நிறுத்திவிடும். மறுவாரம் 18-0-18, 5 ஆம்பியர் டிரான்ஸ்பார்மருக்கு மாற்றியபின் இன்றுவரை ஒருமுறைகூட நிற்கவில்லை. கிடைப்பது ஏறக்குறைய 50 வாட்தான். என் கூடத்துக்கு அதில் பாதிகூடச் செலவாவதில்லை.

இன்னொரு தொல்லை இரைச்சல். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் ஓடுகிறது. சப்வூஃபர் உழைக்கும் எல்லையின் நட்டநடுவில் அந்த எண் இருப்பதால், சாதாரண ஸ்பீக்கரில் காதில் விழாத முணுமுணுப்பு இங்கே ரீங்காரமாகப் பெருகும். ஃபில்டர் போர்டை டிரான்ஸ்பார்மரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்ததும், கவசமுள்ள குட்டையான கம்பியை இட்டதும், ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயருக்கும் சப்வூஃபருக்கும் ஒரே பிளக் பலகையிலிருந்து மின்சாரம் எடுத்ததும் அதை ஏறக்குறைய முழுமையாக ஒழித்தன.

எல்லாவற்றையும்விட அதிக உழைப்பையும், அதைவிட அதிகப் பலனையும் தந்தது பெட்டியை எங்கே வைப்பது என்ற கேள்விதான். அதற்கு ஒரு காசும் செலவில்லை. என் கூடம் 14 அடி நீளம், 11 அடி அகலம். ஒலியின் வேகம் வினாடிக்கு 343 மீட்டர் என்பதால், நீளவாக்கில் இரு சுவர்களுக்கிடையே 40 ஹெர்ட்ஸிலும், அகலவாக்கில் 51 ஹெர்ட்ஸிலும் அறை தானாகவே ஒத்ததிர்கிறது. இந்த எண்களில் ஒலி சுவரோரத்தில் பெருகும், அறையின் நடுவில் அடங்கிப்போகும். நானோ சோபாவைச் சரியாக ஏழாவது அடியில், அதாவது 40 ஹெர்ட்ஸ் முற்றிலும் மறையும் கோட்டின் மேல் போட்டு வைத்திருந்தேன்! பேஸ் கிட்டாரின் அடித்தந்தி இத்தனை ஆண்டுகளாக எனக்குக் கேட்காமல் போனதில் ஸ்பீக்கரின் பங்கோடு சோபாவின் பங்கும் இருந்தது என்று தெரிந்தபோது உண்மையிலேயே வருந்தினேன். சோபாவை முன்சுவரிலிருந்து ஒன்பதரை அடிக்குத் தள்ளியதும் அந்தச் சுரம் வந்து உட்கார்ந்தது.

பெட்டியை முதலில் மூலையில் வைத்திருந்தேன். மூலை எல்லா ஒத்ததிர்வையும் ஒருசேரத் தூண்டும் இடம். ஒலி உரக்க வரும், ஆனால் 51 ஹெர்ட்ஸ் மற்றவற்றை விழுங்கிவிட்டது. இரவல் வாங்கிய அளவை மைக்கையும் இலவசமாகக் கிடைக்கும் ரூம் ஈக்யூ விசார்ட் என்ற மென்பொருளையும் வைத்து அளந்தபோது, அந்த இடத்தில் 11 டெசிபெல் மேடு தெரிந்தது. பெட்டியை முன்சுவரின் நடுவே, இரு ஸ்பீக்கர்களுக்கும் இடையில் நகர்த்தினேன். அகலவாக்கிலான ஒத்ததிர்வுக்கு அந்த நடுக்கோடுதான் அடங்கும் இடம். அங்கே வைத்த பெட்டியால் அதைத் தூண்டவே முடியாது. மேடு 4 டெசிபெல்லாகச் சுருங்கியது. மைக் இல்லாதவர்கள் செய்யக்கூடிய வழி ஒன்றும் உண்டு: சப்வூஃபரைத் தற்காலிகமாக நாம் அமரும் சோபாவின் மேல் வைத்து, ஏறி இறங்கும் பேஸ் கிட்டார் வரிசை ஒன்றை ஓடவிட்டு, சுவரோரமாகக் குனிந்தபடி நகர்ந்துகொண்டே கேட்க வேண்டும். எந்த இடத்தில் எல்லாச் சுரங்களும் சமமாகக் கேட்கின்றனவோ, பெட்டிக்குரிய இடம் அதுதான்.

ஸ்பீக்கர்களோடு இசைத்து வைப்பது அதற்கடுத்த வேலை. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதைக் காது எளிதில் பிரித்தறியாது என்பதால் சப்வூஃபருக்கு அனுப்பும் ஒலி அந்த எண்ணுக்கு மேல் போகாமலிருப்பது நல்லது. என் ஸ்பீக்கர்கள் 65 வரை தாங்குவதால் ஃபில்டரை 60க்கு அருகில் வைத்திருக்கிறேன். பின்னர் 60 ஹெர்ட்ஸ் சோதனை ஒலி ஒன்றை ஓடவிட்டு, வூஃபரின் இரு கம்பிகளையும் ஒருமுறை மாற்றிப் பொருத்திப் பார்க்க வேண்டும். எந்த நிலையில் ஒலி கூடுதலாக இருக்கிறதோ அதுவே ஸ்பீக்கர்களோடு ஒத்துப்போகும் நிலை. ஆம்ப்ளிஃபயரில் தனி வெளியீடு இல்லாமல் ஸ்பீக்கர் முனையிலிருந்தே சமிக்ஞையை எடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: இன்றைய சிறிய கிளாஸ் டி ஆம்ப்ளிஃபயர்கள் பலவற்றில் கறுப்பு முனை தரை இணைப்பு அல்ல, அதைச் சப்வூஃபரின் தரையோடு கோத்தால் ஆம்ப்ளிஃபயர் எரிந்துவிடக்கூடும்.

இப்போது கேட்கக் கிடைப்பது என்ன? கும்கி விழும்போது தோலின் இழுப்பும், கையின் அழுத்தத்துக்கேற்ப அது வளைந்து மேலேறுவதும் தெரிகின்றன. தம்புரா கச்சேரியின் அடியில் ஒரு தரையைப் போல விரிந்திருக்கிறது. எண்பதுகளின் தமிழ்த் திரைப்பாடல்களில் பேஸ் கிட்டார் குரலுக்கு எதிராகத் தனியொரு மெட்டையே வாசித்துக்கொண்டு போவதை, ஒவ்வொரு சுரமாகப் பின்தொடர முடிகிறது. எனக்கு இந்தச் செலவில் கிடைத்த மிகப் பெரிய பேறு அதுதான். சப்வூஃபர் ஓடுகிறது என்பதே தெரிவதில்லை, அணைத்தால்தான் பாட்டு சுருங்குகிறது. திரைப்படங்களின் வெடிச் சத்தத்துக்கும் 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்கும் அதிர்வுக்கும் இந்தப் பெட்டி போதாது. அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

வூஃபர் 3,200, ஆம்ப் போர்டு 450, சரியான டிரான்ஸ்பார்மர் 1,100, ஃபில்டர் போர்டு 350, பிளைவுட்டும் ஆசாரி கூலியும் 2,400, கம்பி, ஹீட்சிங்க், சிலிகான் முதலியவை 800. ஆக 8,300 ரூபாய். தவறாக வாங்கிய டிரான்ஸ்பார்மரை இதில் சேர்க்கவில்லை.

சால்டரிங் அயர்னைப் பிடிக்கவோ 230 வோல்ட் இணைப்பில் கை வைக்கவோ தயங்குபவர்கள் கட்டாயம் ஆயத்தப் பெட்டியையே வாங்க வேண்டும். அப்படி வாங்குவோர் விலைக்கு முன் பார்க்க வேண்டியது ஸ்பீக்கர் முனை உள்ளீடு இருக்கிறதா என்பதைத்தான். சப்வூஃபருக்குத் தனி வெளியீடு இல்லாத பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் வைத்திருப்பவருக்கு அது இல்லாமல் சப்வூஃபரை நேரடியாக இணைப்பது கடினம். போல்க் பிஎஸ்டபிள்யூ10 போன்ற பத்தங்குலத் துளைப் பெட்டிகளில் அந்த உள்ளீடு உண்டு. இசைக்காக மட்டுமே, கணிசமாகக் கூடுதல் பணம் சேர்த்து வாங்க முடிந்தால், எஸ்விஎஸ் எஸ்பி-1000 ப்ரோ போன்ற பன்னிரண்டங்குல மூடிய பெட்டி, என் கைவேலை எட்டாத ஆழத்துக்குப் போகும்.

நானோ அந்தப் பணத்தைச் சேர்ப்பதற்குப் பதில் இதே அளவில் இன்னொரு பெட்டியைக் கட்ட முடிவு செய்திருக்கிறேன். ஹார்மன் நிறுவனத்தில் டாட் வெல்டி 2002இல் வெளியிட்ட ஆய்வு, எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில், சுவருக்கு ஒன்றாக, இரண்டு சப்வூஃபர்களை வைத்தால் அறையின் பல இருக்கைகளிலும் பேஸ் சமமாகிறது என்று காட்டியது. அப்படி வைத்தால் நீளவாக்கிலான 40 ஹெர்ட்ஸ் ஒத்ததிர்வையும் இரு பெட்டிகளும் ஒன்றையொன்று எதிர்த்து அடக்கிவிடும். சோபாவில் அமரும் எனக்கு மட்டுமல்லாமல், பின்சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்து கச்சேரி கேட்கும் என் தாயாருக்கும் மிருதங்கம் முழங்காமல் கேட்கும். அரைப் பலகை பிளைவுட் மீதம் இருக்கிறது. ஆசாரி அடுத்த வாரம் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.